ட்ரை பண்றேன்

கண்டரமாணிக்கம்
10.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பிரியா எழுதுகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறதா? அங்கே பனி தொடங்கிவிட்டதா? இங்கே ஒரு வாரமாக விடாமல் மழை. கண்மாய் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. அப்பா தினமும் காலையில் கரையில் போய் நின்று பார்த்துவிட்டு வருகிறார், அவர் பார்த்தால்தான் தண்ணீர் ஏறும் என்பதுபோல.

போன மாதம் உன் போன் வந்தபோது நான் ஹோட்டலில் வேலையில் இருந்தேன். வீட்டில் இருந்திருந்தாலும் எனக்கு முறை வந்திருக்காது. என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டு முடிப்பதற்குள் முகாமில் உனக்குக் கொடுக்கும் நேரம் முடிந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் காலத்திலும் கடிதம். "ஊருக்குள்ள கையால எழுதுன கடுதாசி வாங்குறது உங்க வீடு மட்டுந்தாம்மா" என்று தபால்காரர் அய்யப்பன் அண்ணன் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். பெருமையாகச் சொல்கிறாரா, அலுப்பாகவா என்று தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஓர் இடம் வந்திருக்கிறது. புதுவயல். மாப்பிள்ளை பெயர் முத்தரசு. அரிசி ஆலையில் சூப்பர்வைசர். போன ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் நிமிர்ந்து பார்த்ததே ஒரு தடவைதான். அதுவும் என்னை இல்லை, சுவரில் மாட்டியிருக்கும் என் பட்டமளிப்பு போட்டோவை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பிடித்திருந்தது அண்ணே. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். போட்டோ ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன், பார்.

ஆனால் என் வேலை இருக்கிறதே. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஹோட்டலுக்குப் போகலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். அவர் வாய் திறந்து கேட்டதே பெரிய விஷயம். அதற்கு மாப்பிள்ளையின் பெரியப்பா பெரியகருப்பன், "ட்ரை பண்ணுவோம்" என்றாராம். அப்பா அதை வீட்டுக்கு வந்து மலர்ந்த முகத்தோடு சொல்கிறார். "ட்ரை பண்றேன்னு சொல்லிட்டாக. மறுத்துப் பேசல பாரு." அம்மாவும் தலையாட்டுகிறாள்.

எனக்கு அந்தச் சொல்லின் குணம் தெரியும். நான் அதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். எங்கள் மேனேஜர் சேர்ந்த முதல் நாளே சொன்னார்: விருந்தினரிடம் 'நோ' என்ற சொல் வாயில் வரக் கூடாது, 'வி வில் ட்ரை' என்று சொல். நீச்சல் குளம் இருக்கிறதா? ட்ரை பண்ணுகிறோம். மயில் விடியற்காலையில் கத்துகிறதே, நிறுத்த முடியுமா? ட்ரை பண்ணுகிறோம். அவர்கள் தேங்க்யூ சொல்லிவிட்டு அறைக்குப் போய்விடுவார்கள். மயில் தன் பாட்டுக்குக் கத்தும்.

தை இருபது, ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்க வருகிறார்கள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். கை நனைத்து இலையில் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது, அதற்கு மேல் ஒரு கேள்வியும் கிடையாது. செம்பில் தண்ணீர் எடுத்து அவர்கள் கையில் ஊற்ற வேண்டியவன் பெண்ணோடு பிறந்தவன். அதாவது நீ. நீ செம்பைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு பதில் வாங்கித் தர வேண்டும். சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை. அப்பாவுக்குச் சபையில் குரல் வராது. எனக்கும் அவர் தொண்டைதான் வாய்த்திருக்கிறது.

தீபாவளிக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு 'ட்ரை பண்றேன்' என்று எழுதியிருந்தாய். அதற்கு முன்னால் வைகாசிக் கோயில் கொடைக்கும் அப்படித்தான். இந்தத் தடவை அப்படி எழுதாதே.

உன் பதிலை எதிர்பார்த்தபடி,
பிரியா


முகாம்
28.11.2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் பாண்டிமுருகன். நான் சுகம். இங்கே பேனா மை உறைந்துபோகிறது. எழுதுவதற்கு முன்னால் பேனாவைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்க வேண்டியிருக்கிறது. எனவே இந்தக் கடிதத்தில் என் வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்.

மாப்பிள்ளை போட்டோ பார்த்தேன். நல்ல முகம். மீசை மட்டும் யாரிடமோ இரவல் வாங்கி வந்து ஒட்டின மாதிரி இருக்கிறது. கூட இருக்கிற பயல்களிடமும் காட்டினேன். எல்லோரும் 'ஆள் அமைதி' என்றார்கள். அமைதியான ஆளைத்தான் நம்பலாம், பேசுகிறவனை நம்ப முடியாது. நான் பேசுகிறவன் என்பதால் சொல்கிறேன்.

நீ வேலைக்குப் போக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க நீயும் நானும் தாலுகா ஆபீஸில் நாள் முழுக்க நின்றோமே, அது வீட்டில் உட்கார வைப்பதற்கா? பெரியகருப்பன் மாமாவை எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்ளலாம்.

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தை இருபதுக்கு வர ட்ரை பண்றேன்.

அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? அப்பாவைக் கண்மாய்க் கரையில் வழுக்காமல் நடக்கச் சொல்.

அண்ணன்


கண்டரமாணிக்கம்
15.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. லீவைப் பற்றிய வரி வரும்வரை சிரித்துக்கொண்டே படித்தேன்.

நான் அவ்வளவு தெளிவாக எழுதியும் நீ அதே சொல்லை எழுதியிருக்கிறாய். உனக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். கோபத்தில் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் அது குளிரால் அல்ல.

போன வாரம் ஹோட்டலுக்கு ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மா வந்திருந்தார். தனியாகத்தான் வந்தார். எங்கள் ஹோட்டலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் மலேசியாவில். அந்த வீட்டின் கதவை ஏதோ புத்தகத்தில் பார்த்தாராம், உள்ளே பார்க்க முடியுமா என்று கேட்டார். மேனேஜர் பக்கத்தில் நின்றார். அவர் சொல்லிக்கொடுத்தபடி நான் சிரித்துக்கொண்டு, "வி வில் ட்ரை, மேடம்" என்றேன்.

மறுநாள் காலை நான் டியூட்டிக்கு வந்தபோது அவர் ரிசப்ஷனில் தயாராக உட்கார்ந்திருந்தார். தொப்பி, தண்ணீர் பாட்டில், வரைகிற நோட்டு, எல்லாம் மடியில். "என்ன ஆயிற்று?" என்று கேட்டார். இன்னும் ட்ரை பண்ணுகிறோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. புரிந்துகொள்கிற ஆசையில் கேட்பதுபோலக் கேட்டார்: "யாரிடம் கேட்டாய்?"

நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. அவர் மடியிலிருந்த தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போனார். எனக்கு அங்கே தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் பூவெல்லாம் எனக்கு அன்றைக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டுக் காவல்காரர் சேவுகப்பெருமாளைத் தேடிக்கொண்டு போனேன். சாவி அவரிடம்தான் இருந்தது. மலேசியாவுக்கு ஒரு போன் போட்டார், அவர்கள் வேண்டாம் என்றார்கள். வந்து பாட்டியம்மாவிடம், "நோ, மேடம். கேட்டேன், வேண்டாம் என்றார்கள்" என்றேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துத் தேங்க்யூ சொன்னார். மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டு, 'நோ' சொன்னதற்காகத் திட்டினார்.

அகராதியில் அந்தச் சொல்லுக்கு முயற்சி செய், சோதித்துப் பார், வழக்கை விசாரி என்றெல்லாம் அர்த்தம் போட்டிருக்கிறது. நம் ஊரில் நடப்பது ஒன்றுகூட அதில் இல்லை. காஸ் சிலிண்டர்காரர் ட்ரை பண்றேன் என்றால் இன்றைக்கு வராது. அத்தை ட்ரை பண்றேன் என்றால் விசேஷத்துக்கு வர மாட்டாள், பிறகு வராததற்கு நாம்தான் காரணம் என்பாள். மூஞ்சிக்கு நேரே இல்லை என்று சொல்வது நமக்கு மரியாதைக் குறைவு. அதற்கு ஓர் இங்கிலீஷ் சொல் கிடைத்ததும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ எழுதுவதை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். 'ட்ரை பண்றேன்' என்று வாசித்ததும் அவள் எழுந்து போய்க் கவுனி அரிசி டப்பாவைத் திறந்து பார்க்கிறாள், வண்டு வைத்திருக்கிறதா என்று. நீ வந்தால் இனிப்பாகக் கிண்டித் தருவதற்கு. தெருவில் போகிறவர்களிடம், "எம்மவன் டிரை பண்ணிக்கிட்டு இருக்கான்" என்கிறாள், ஏதோ நீ அங்கே ஒரு புது வேலையில் சேர்ந்திருப்பதுபோல.

நானும் அந்தப் பாட்டியம்மா கேட்டதையே கேட்கிறேன். யாரிடம் கேட்டாய்? என்ன சொன்னார்கள்? எனக்கு இரண்டில் ஒரு சொல்தான் வேண்டும். வாரேன், அல்லது வரலை. வரலை என்று எழுதினால் நான் அழ மாட்டேன். வேறு வழி பார்ப்பேன். ட்ரை என்று எழுதினால் உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்க மாட்டேன்.

பிரியா


முகாம்
4.1.2025

அன்புத் தங்கச்சிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. உன் கடிதம் சாமான் ஏற்றி வந்த வண்டியில் வந்தது. படித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

கேட்டதற்குப் பதில். முதலில் எங்கள் சுபேதாரிடம் கேட்டேன். அவர் பார்க்கலாம் என்றார். அப்புறம் அவரையும் கூட்டிக்கொண்டு போய் மேஜர் சாரிடம் கேட்டேன். தங்கச்சி விசேஷம், கை நனைக்கிற வழக்கம், செம்பு எல்லாம் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் வடக்கத்தி ஆள். "தண்ணீர் ஊற்ற நீதான் வேண்டுமா?" என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஜனவரி இருபத்தேழாம் தேதியிலிருந்து லீவு.

உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று எழுதியிருந்தாயோ அதையே எழுதுகிறேன். வாரேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டு.

பெரியகருப்பன் மாமாவிடம் என்ன கேட்க வேண்டும் என்று இப்போதே மனசுக்குள் பேசிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்


கண்டரமாணிக்கம்
9.2.2025

அண்ணனுக்கு,

நான்கு நாளைக்கு முன்னால் நீ போன் செய்தாய். அம்மா எடுத்தாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். பேசாமல் போனை என் பக்கம் நீட்டினாள், நான் வாங்கவில்லை. நீ என்ன காரணம் சொன்னாய் என்று அவளிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை. அவள் என்னோடு பேசுவதில்லை என்பதால் அது சுலபமாக இருந்தது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரிய வேண்டும்.

'வாரேன்' என்ற கடிதம் வந்ததும் வீடே மாறிவிட்டது. அப்பா முன்கூடத்துக்கு வெள்ளை அடித்தார். அம்மா கவுனி அரிசியை ஊறவைத்தாள். ரயில் எது என்று நீ எழுதாததால் அப்பா ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு காரைக்குடி ஸ்டேஷனுக்குப் போய், வந்த ரயிலையெல்லாம் பார்த்துவிட்டு, வெயில் ஏறிய பிறகு தனியாகத் திரும்பி வந்தார். "பஸ்ஸுல வருவானாயிருக்கும்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் மட்டும் வரவில்லை. பேச வேண்டியதெல்லாம் பேசினார்கள். நாள், மண்டபம், யார் வீட்டில் என்ன செய்வது, எல்லாம். என் வேலையைத் தவிர. அப்பா அதை உனக்காக வைத்திருந்தார். பேச்சு ஓய்ந்ததும் எல்லோரும் கண்மாயைப் பற்றிப் பேசினார்கள். அதுவும் ஓய்ந்தது. வடை ஆறிப்போனது. பெரியகருப்பன் மாமா வாசலைப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "என்ன சோணை, பட்டாளத்து மாப்ள வந்தாத்தான் சோறா? எல்லையில சீனாக்காரன் உட்டாத்தானப்பா வருவாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் அடுப்படிக் கதவோரம் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

வழியில்லாமல் அப்பா எழுந்து செம்பை எடுத்தார். போகிற போக்கில், வேட்டியைச் சரிசெய்துகொள்வதுபோலக் குனிந்துகொண்டு, "பிள்ள வேலை விசயம்…" என்றார்.

"அதான் சொன்னேன்ல, ட்ரை பண்ணுவோம். இப்ப எலையப் போடச் சொல்லுப்பா" என்றார் மாமா.

அப்பா, "சரிங்க" என்றார். கையை நீட்டிக்கொண்டு மாமா முற்றத்துக்கு இறங்கினார்.

நான் போய் அப்பாவின் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டேன். அண்ணன் இல்லாததால் பெண்ணே தண்ணீர் ஊற்றப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யாரோ 'பரவாயில்லையே' என்றுகூடச் சொன்னார்கள். மாமா கையை நீட்டினார். நான் ஊற்றவில்லை.

"யாருகிட்ட மாமா ட்ரை பண்ணுவீக?"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாமா, "என்னம்மா?" என்றார்.

"நான் வேலைக்குப் போறதுக்கு யாருகிட்ட கேக்கணும்? நீங்க முடிவு பண்ண வேண்டியதுதானே. போகலாம்னா போகலாம்னு சொல்லுங்க. கூடாதுன்னா கூடாதுன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

மாமா நீட்டிய கையை மடக்கவும் இல்லை, கீழே விடவும் இல்லை. "படிச்ச பிள்ளைல்ல" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அம்மா பின்னாலிருந்து என் சேலை முந்தியைப் பிடித்து இழுத்தாள். அது தோளிலிருந்து நழுவியது. ஒரு கையில் செம்பை வைத்துக்கொண்டு மறு கையால் அதைப் பிடித்தேன். அண்ணே, அந்த நேரத்தில் நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

முத்தரசுதான் பேசினார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, "எனக்குச் சம்மதங்க. அம்மாகிட்ட கேக்கணும்" என்றார்.

அதற்கு மாமா, "அப்ப கேட்டுட்டே வருவோம். இன்னொரு நாளைக்குக் கை நனைச்சுக்கலாம்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். இன்னொரு நாள் என்பதும் அந்த 'ட்ரை' குடும்பத்துச் சொல்தான். வேன் தெருவைத் தாண்டும்வரை அப்பா வாசலில் கும்பிட்டபடியே நின்றார்.

அம்மா செம்பை என் கையிலிருந்து பிடுங்கித் தண்ணீரை முருங்கை மூட்டில் கொட்டினாள். சமைத்த சோறு ஊராருக்குப் போனது. கவுனி அரிசி மட்டும் இரண்டு நாள் அப்படியே இருந்து புளித்தது. உன்னிடம் ஒரு சொல்தான் கேட்டேன். வரலை என்று எழுதியிருந்தால் முதலிலிருந்தே நான் பேசத் தயாராகியிருப்பேன். அல்லது அப்பாவைத் தயார் செய்திருப்பேன். 'வாரேன்' என்று எழுதி எல்லோரையும் வாசலைப் பார்க்க வைத்தாய். மாமாவின் ட்ரையைவிட உன் வாரேன்தான் எனக்கு அன்றைக்குப் பொய்யாகப் பட்டது.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

சத்தியப்பிரியா


முகாம்
26.2.2025

அன்புத் தங்கச்சி பிரியாவுக்கு,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பரீட்சைப் பேப்பர் மாதிரி இருந்தது. எழுத வேண்டாம் என்று நீ சொன்னாலும் எழுதுகிறேன்.

இருபத்தேழாம் தேதி காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி தூரம்கூட இல்லை, மலைச்சரிவில் பனி இறங்கி ரோட்டை மூடிவிட்டது. முன்னால் பத்துப் பதினைந்து வண்டி. இறங்கி எல்லோரும் மண்வெட்டி எடுத்தோம். வெட்டுவோம், மறுபடி இறங்கும். அங்கேயே ஒரு தகரக் கொட்டகையில் படுத்தோம். தை இருபதாம் தேதி காலையில் நான் அந்தக் கொட்டகையில்தான் இருந்தேன். மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து மணிக்கு வந்திருப்பார்கள், இப்போது காபி கொடுத்திருப்பார்கள், இப்போது பேச்சு முடிந்திருக்கும். எனக்கு உருக்கிச் சுடவைத்த பனித்தண்ணீரை ஒரு மக்கில் கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த பஞ்சாபிக்காரன் குடிடா, ஆறிப்போகும் என்றான்.

ரோடு திறக்கவில்லை. எல்லோரையும் மேலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்துதான் போன் செய்தேன்.

இதைக் காரணமாகச் சொல்லவில்லை. வேறு ஒன்று சொல்ல வேண்டும். 'வாரேன்' என்று எழுதியபோதே எனக்குத் தெரியும், அது என் கையில் இல்லை என்று. லீவு மேஜர் சார் கையில். ரோடு பனியின் கையில். என் கையில் இருந்தது கேட்பதும் கிளம்புவதும் மட்டும்தான். அதற்கு எனக்குத் தெரிந்த சொல் அந்த ஒன்றுதான். தீபாவளிக்கும் நான் கேட்டேன் பிரியா. கொடைக்கும் கேட்டேன். கிடைக்கவில்லை. கேட்டேன், கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் எழுதினால் அம்மா சோறு இறங்காமல் கிடப்பாள் என்று அதை எழுதவில்லை. ட்ரை பண்றேன் என்று மட்டும் எழுதினேன்.

நீ ஊரில் எல்லோரையும் பார்த்துவிட்டு என்னையும் அந்தக் காஸ்காரனோடு சேர்த்துவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் வாரேன் என்று எழுதினேன். அந்தச் சொல்லுக்காகவாவது இந்த மலை வழி விடும் என்று நினைத்தேன்.

பெரியகருப்பன் மாமாவிடம் நீ கேட்ட கேள்வியைப் பத்துத் தடவை படித்தேன். நான் பழகி வைத்திருந்தது இவ்வளவு நன்றாக இல்லை. நான் ஆரம்பத்திலேயே சத்தம் போட்டுக் கெடுத்திருப்பேன்.

அந்தப் பையன் கேட்டாரா?

அண்ணன்


காரைக்குடி
16.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்றைக்கு ஹோட்டலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மதிய நேரம், விருந்தினர் எல்லோரும் தூங்குகிறார்கள். மயில் மட்டும் விழித்திருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்று, நீ ஜனவரியில் எழுதியதையும் எடுத்துப் பார்த்தேன். 'வாரேன்' என்பதற்கு முன்னால் ஏதோ எழுதி அடித்திருந்தாய். அப்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பேனா அழுந்தியிருந்ததால் படிக்க முடிந்தது, அதே 'ட்ரை'தான். அடிக்காமல் விட்டிருக்கலாம் அண்ணே. நான்தான் விடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். அவர் கேட்டார்.

போன செவ்வாய்க்கிழமை ரிசப்ஷனுக்கு வந்தார். ஆலையிலிருந்து நேராக வந்திருக்கிறார், சட்டையெல்லாம் தவிடு. உள்ளே வரலாமா என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டு வந்தார். விருந்தினர் நிற்கிற இடத்தில் நின்றார். நான் மேஜைக்கு இந்தப் பக்கம். பழக்கத்தில் "வெல்கம் சார்" என்று சொல்லிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது. பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"கேட்டேங்க. அம்மாகிட்ட கேட்டேன், பெரியப்பாகிட்ட கேட்டேன். சாப்பிடாமக்கூட இருந்து பாத்தேன். முடியாதுன்னுட்டாக. அவுகள மீறிச் செய்ய எனக்குத் தைரியமில்ல. யாருகிட்ட கேப்பீகன்னு கேட்டீகள்ல, அதான் நேர்ல வந்து சொல்லிட்டுப் போகலாம்னு."

தேங்க்யூ என்றேன். தமிழில் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அவர் நின்ற இடத்தில் கல்லின் பூமேல் தவிடு கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது. பெருக்க வந்த கருப்பி அக்காவிடம் அப்புறம் பெருக்கலாம் என்றேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது என்று உனக்கு முதலிலேயே எழுதியிருந்தேன்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. பனிமேல் இருக்கிறது, மாமாமேல் இருக்கிறது, தன் மகன் பட்டினி கிடந்தும் அசையாத அந்த அம்மாமேல் இருக்கிறது. என்மேலும் கொஞ்சம் இருக்கிறது. அவருக்குத் தைரியமில்லை என்று அவரே சொன்னது நல்லது என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை. மேனேஜர் இன்னும் 'வி வில் ட்ரை' சொல்லச் சொல்கிறார். நான் சொல்கிறேன். சொல்லிவிட்டுப் போய் யாரிடமாவது கேட்கிறேன். அதனால் வேலை இரண்டு மடங்காகிவிட்டது. மயிலைப் பற்றி மட்டும் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த லீவைப் பற்றி எழுதும்போது வாரேன் என்று எழுதாதே. நீ எப்போதும் எழுதுவதையே எழுது. கூடவே யாரிடம் கேட்டாய், என்ன சொன்னார்கள் என்பதையும் எழுது. கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுது. அம்மா சோறு இறங்காமல் கிடந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன், அது உன் டியூட்டி இல்லை.

அம்மா நேற்றுத்தான் என்னோடு பேசினாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. உன் கடிதத்தை நான் அவளுக்கு முழுதாக வாசித்தேன், கொட்டகை, மண்வெட்டி, மக்கில் கொடுத்த தண்ணீர் எல்லாவற்றையும். விளக்கு வைத்த பிறகு அடுப்படியிலிருந்து, என் பக்கம் திரும்பாமலே, "அண்ணன் டிரை பண்றானாமா?" என்றாள்.

"பண்றாம்மா. கேட்டிருக்கான்" என்றேன்.

இன்று காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது முற்றத்தில் சாக்கை விரித்துப் புதுக் கவுனி அரிசியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். காக்கை வராமல் பார்த்துக்கொள்ள அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாள். அவரும் கண்மாய்க்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறார்.

நீ அங்கே கேட்டுக்கொண்டே இரு.

உன் தங்கச்சி,
பிரியா